ஐந்தாவது பிறை

என் கணவர் இறந்த பிறகு நான் ஒரு வேளைத் தொழுகையையும் விடவில்லை. ஆனால் தொழுது முடித்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன். கை ஏந்தி துஆ கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு வெறுப்பு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஈமான் போய்விட்டது, இறைநம்பிக்கையே இல்லை என்பார்கள். என் மாமியார் கவனித்திருப்பார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்புச் சகோதரிகளே, உங்கள் எல்லார் வீட்டிலும் அல்லாஹ் நிம்மதியைத் தரட்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெருமை அடிப்பது போல ஆகிவிடுமோ என்று பயம். ஆனால் என்னைப் போலவே கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருத்தி இதைப் படிப்பாள் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் பெயர் பர்வீன். பிறந்தது கிருஷ்ணகிரியில். வாழ்க்கைப்பட்டது தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில். எம்.ஏ. பொருளாதாரம் படித்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு தர்மபுரியில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். என் கணவர் சாதிக் புளி வியாபாரி. ஊரில் எல்லாருக்கும் அவர் புளிக்கடை பாய். எட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமியாரும்தான், அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்தனார் ஜாவித் குடும்பத்தோடு அடுத்த தெருவில் இருக்கிறார்.

பி.எச்.டி. படிக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அதற்கான தேசியத் தகுதித் தேர்வை இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாவது முறை உதவித்தொகையோடு தேறினேன். அந்த உதவித்தொகைக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் எங்காவது ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் அது போச்சு. இரண்டு இடத்தில் விண்ணப்பித்தேன். இரண்டிலும் இல்லை என்றுவிட்டார்கள். கெடு முடிகிற வருடம் அது. கடைசியாக மிச்சமிருந்தது பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம். ஜனவரியில் தொடங்கும் படிப்புக்கு டிசம்பரிலேயே சேர வேண்டும் என்பதால் ஜூன் மாதமே விண்ணப்பம் வாங்கினார்கள்.

அந்த விண்ணப்பத்தை நிரப்பியது என் கணவர்தான். நான் ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுத்தேன், மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. இணையதளம் பாதியில் பாதியில் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் விடவில்லை. அடுக்கி வைத்த புளி மூட்டைகளின் மேல் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டி, அதன் முன்னால் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். "சிரிக்காத பர்வீனு, பாஸ்போர்ட் போட்டோவுல சிரிச்சா சேத்துக்க மாட்டாங்க" என்று அவரே சிரிக்கவும் வைத்தார். போன் நம்பர் கேட்ட இடத்தில் அவர் நம்பரைப் போட்டார். மெயில் முகவரிக்குக் கடை மெயிலைப் போட்டார். என் போன் எந்நேரமும் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் என்பது அவருடைய நிரந்தரக் குற்றச்சாட்டு. நம் வீடுகளில் கேஸ் புக்கிங்கிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் வீட்டுக்காரர் நம்பரைத்தானே கொடுக்கிறோம். எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை.

ஜூலை முதல் வாரம், வியாழக்கிழமை மதியம், கடையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாலு நாள். உள்ளே ஒருத்தரை மட்டும், அதுவும் பத்து நிமிடம்தான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் நான் வராந்தாவில் துப்பட்டாவை விரித்துத் தொழுதேன். அப்படி ஒரு துஆ நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள் என்றேன். இந்தப் படிப்பு ஆசையை விட்டுவிடுகிறேன் என்று பேரம்கூடப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறைந்து, மஃரிபுக்குக் கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட்டேன், அவன் தரவில்லை. அதோடு நான் கேட்பதை நிறுத்தினேன்.

அன்று இரவிலிருந்தே இத்தா. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இருந்து பார்த்தவளுக்குத்தான் அது என்ன என்று தெரியும். மூன்றாம் நாள் ஜாவித் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த தேதியைப் பார்த்து நாலு மாதம் பத்து நாள் எண்ணி, சுவர் காலண்டரில் நவம்பர் பதினேழாம் தேதியைப் பேனாவால் வட்டம் போட்டார். அந்த வட்டம்தான் எங்கள் வீட்டுச் சட்டம் ஆனது. யார் கேட்டாலும் நவம்பர் பதினேழு என்று சொன்னோம்.

நாற்பதாம் நாள் வரைக்கும் ஆட்கள் வந்தார்கள். அதன் பிறகு வருவது நின்றது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவரவருக்குக் குடும்பம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகுதான் தனிமை என்றால் என்ன என்று பார்த்தேன். என் அறைக்கு ஒரு ஜன்னல். அதற்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடங்களை எல்லாம் எனக்கு மனப்பாடம். மாமி தன் மகனை இழந்தவர், நான் கணவனை இழந்தவள், இரண்டு பேரும் ஒருத்தர் முன்னால் ஒருத்தர் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தோம். அதனால் பேச்சே குறைந்துவிட்டது. சோறு ஆச்சா, தொழுதாச்சா, கதவு சாத்தியாச்சா. அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

தவறாமல் வந்தவர் மாதம்மா ஒருத்தர்தான். எங்கள் கடையிலிருந்து புளி வாங்கிப் போய் வீட்டில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்துத் தருகிறவர். வாரத்தில் மூன்று நாலு மதியம் சாக்கோடு பின்வாசல் வழியாக வருவார், கொல்லையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தட்ட ஆரம்பிப்பார். "சும்மா ஒக்காந்து துக்கம் கேக்க எனக்கு வராது பாயம்மா, கையில வேல இருந்தாத்தான் வாயி வரும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் பேசுவார், நான் கேட்பேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவர் மாமியாரைப் பற்றி, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளைப் பற்றி, இன்னும் என்னென்னவோ. எனக்கு அப்போது அதெல்லாம் ஒரு சத்தம், அவ்வளவுதான். தனியாக இல்லை என்று சொல்லும் சத்தம்.

விண்ணப்பத்தை நான் மறந்தே போனேன் என்று சொன்னால் பொய். நினைப்பு வரும். பதில் ஒன்றும் வரவில்லையே, மூன்றாவது இடமும் இல்லை என்றுவிட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மாமி என் அறை வாசலில் வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "அவன் கொரல ஒருக்கா கேக்கணும் போல இருக்குது. அந்த போன்ல இருக்குமா கண்ணு?" என்றார்.

என் கணவரின் போன் அவர் வாட்ச்சோடு பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. அதைத் தொட எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை. எடுத்துச் சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் மெசேஜ் மேல் மெசேஜாக வந்து விழுந்தது. விஷயம் தெரியாத வெளியூர் வியாபாரிகள், பாய் புளி ரேட் என்ன, பாய் ஏன் போன் எடுக்க மாட்டேங்கறீங்க என்று மூன்று மாதமாக அனுப்பினவை. அதில் தேடி, ஒரு லாரி டிரைவருக்கு அவர் அனுப்பின குரல் செய்தியை மாமிக்குப் போட்டுக் காட்டினேன். "சாப்புட்டுட்டு நெதானமா வாங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல." இவ்வளவுதான் அதில் இருந்தது. மாமி போனைக் காதோடு வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் கேட்டு முடித்து போனைக் கொடுத்தபோதுதான் அந்த இன்னொரு மெசேஜைப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து. என்னை நேர்காணலுக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. கடை மெயிலைத் திறந்தால் அதே விஷயம் கடிதமாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. எதிரில் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், என் கணவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது, எனக்குச் சந்தோஷம் வருகிறது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த நொடி காலண்டரில் இருந்த வட்டம் ஞாபகம் வந்தது. பதினேழு. இரண்டே இரண்டு நாள் முன்னால் போய் நிற்கிறது அந்தத் தேதி.

அந்த நிறுவனத்துக்கு என் நிலைமையைச் சொல்லி எழுதினேன். இரண்டு நாள் தள்ளி வைக்க முடியுமா, இல்லாவிட்டால் வீடியோவில் பேசலாமா என்று கேட்டேன். நாலு நாள் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. வருந்துகிறோம், எல்லாருக்கும் ஒரே நாள்தான், நேரில்தான் வர வேண்டும், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள். அடுத்த வருடம் எனக்கு உதவித்தொகை இருக்காது. அது இல்லாமல் பெங்களூரில் நாலைந்து வருடம் படிக்க எனக்கு வழியும் இல்லை.

ஜாவித் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தார். தவிர்க்க முடியாத தேவைக்குப் பகலில் உள்ளூரில் போய் வரலாம், ஆனால் இத்தாவில் இருப்பவள் வெளியூர்ப் பயணம் போகக் கூடாது என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டாராம். திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஜாவித், "ரெண்டு நாளு அண்ணி. ரெண்டு நாளுக்காக ஊரு வாயில வுழணுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் வீட்டு மானம் என்று அவருக்கு ஒரு பாரம். ஆனால் புருஷன் போய் நாலு மாதம் ஆகவில்லை, அதற்குள் படிப்பு கேட்கிறது என்று உறவில் ஒரு பெண்மணி சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கும் வந்தது.

போய்விடலாமா என்று யோசிக்காமல் இல்லை. பின்வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னால் முடியவில்லை. என் கணவரைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது நான் கூட இல்லை, அடக்கம் செய்த கபருக்கும் போக முடியவில்லை. அவருக்காக நான் செய்ய மிச்சமிருந்தது இந்த இத்தா ஒன்றுதான். அதிலும் இரண்டு நாளைக் குறைத்து என் காரியத்துக்கு எடுத்துக்கொண்டால் அப்புறம் நான் அவர் முகத்தை எப்படி நினைத்துப் பார்ப்பேன்? போனாலும் நிம்மதி இல்லை, போகாவிட்டாலும் நிம்மதி இல்லை. பேசுவதற்கு ஆள் இல்லை. இந்த மாதிரி விஷயத்தைப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பதில் வந்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பாயைச் சுருட்ட எழுந்தேன், முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு மேல் ஏந்தாத கையை ஏந்தினேன். வார்த்தை வரவில்லை. என்ன கேட்பது? தேதியை மாற்று என்பதா, என் மனதை மாற்று என்பதா? அவரை ஏன் எடுத்தாய் என்பதா? ஒன்றும் கேட்காமல் வெறும் கையை ஏந்திக்கொண்டு அழுதேன். அழுது முடிக்கும்போது வாயில் வந்தது இதுதான்: யா அல்லாஹ், உன் மேல் எனக்குக் கோபம். ஆனால் உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் கேட்டேன். தேதியை மாற்றிக் கொடு, தேதியை மாற்றிக் கொடு. சின்னப் பிள்ளை மிட்டாய்க்கு அழுவது போல. அந்தத் தேதி மாறவே இல்லை.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. மஃரிப் தொழுதுவிட்டு மாமி வழக்கம்போல கொல்லைப்பக்கம் போனார். மாதப் பிறை பார்ப்பது அவர் பழக்கம். ரமலான் பிறை, பெருநாள் பிறை மட்டும் பார்க்கிறவர் இல்லை, பன்னிரண்டு மாதமும் பார்ப்பார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்கு மேலே மெல்லிசாகப் பிறை இருந்தது. மாமி கையேந்தி ஓத வேண்டியதை ஓதினார். முடித்துவிட்டு, என்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரியும் இல்லை, தனக்குத் தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

"அஞ்சாவது பெறை. அவன் போன அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு மொதப் பெறையப் பாத்தேன். பாத்துட்டு உள்ள வர்றேன், டாக்டரு சொல்றாரு. இது அஞ்சாவது."

நாலு மாதமாக நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் வானத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அடுப்பில் பால் வைத்தேன். பால் பொங்கி வருகிற நேரத்தில்தான் அந்த எண் எனக்குள் இறங்கியது. ஐந்தாவது பிறை. அப்படியென்றால் நாலு மாதம் முடிந்துவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பள்ளிவாசலில் கொடுத்த இஸ்லாமிய மாத அட்டையைத் தேடி எடுத்து விரல் விட்டு எண்ணினேன். முஹர்ரம், ஸஃபர், ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர். மூன்று தடவை எண்ணினேன். எம்.ஏ. பொருளாதாரம், புள்ளியியலில் முதல் மதிப்பெண் வாங்கினவள், நாலு மாதம் பத்து நாளை எண்ணத் தெரியாமல் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன். நோன்புக்குப் பிறை பார்க்கிறோம், பெருநாளைக்குப் பிறை பார்க்கிறோம், ஜகாத்துக்கும் பிறைக் கணக்குதான். மௌத்துக்கு, ஒரு சாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்திருக்கிறோம். இங்கிலீஷ் மாதம் முப்பத்தொன்று என்று நீளும், பிறை மாதம் இருபத்தொன்பதிலும் முடியும். நாலு மாதம் சேர்ந்தால் அந்த வித்தியாசம் நாலு நாள்.

மாமியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் போனில் ஹஜ்ரத்திடம் அவரே பேசினார். நமக்குப் பிறை தெரிந்த மஃரிபிலிருந்துதான் புது மாதம். அதனால் பிறையைப் பார்த்த பிறகுதான் உயிர் போனதா, முன்னாலேயா என்று ஹஜ்ரத் இரண்டு தரம் கேட்டார். பிறகுதான் என்று மாமி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஸ்பீக்கரில் ஹஜ்ரத் குரல் கேட்டது.

"பிறை ஒண்ணுல மௌத்துன்னா பிறைக் கணக்குத்தாம்மா. நாலு மாசம் பூர்த்தி ஆயிருச்சு. இனி பத்து நாளு. பதிமூணாந் தேதி புதன்கிழமை மஃரிபோட இத்தா முடியுது. நானும் அன்னிக்கே கேட்டிருக்கணும், கேக்காம வுட்டுட்டேன். என்னையும் மன்னிச்சுக்கங்க."

புதன்கிழமை இத்தா முடிகிறது. வெள்ளிக்கிழமை நேர்காணல்.

சகோதரிகளே, நான் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. ஜூலை மாதம் என் உலகம் முடிந்துபோன அந்த மஃரிபு வேளையிலேயே இது முடிவாகி இருக்கிறது. நான் அவனோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு இருந்த நாளெல்லாம் எனக்கான பதில் தயாராகவே இருந்திருக்கிறது. அன்று இரவு இஷா தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து எழவே எனக்கு மனம் இல்லை.

ஆனால் மாமி அந்தப் பத்து நாளும் என்னோடு சரியாகப் பேசவில்லை. போகக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஜாவித்துக்கு ஆள் அனுப்பி விஷயத்தைச் சொன்னது அவர்தான். கிருஷ்ணகிரியிலிருந்து என் அண்ணனைத் துணைக்கு வரச் சொன்னதும் அவர்தான். ஆனால் முகம் கொடுக்கவில்லை. புதன்கிழமை மஃரிப் தொழுது முடித்து இத்தா விட்டதும், கட்டம் போட்ட ஒரு நீலப் புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இன்னும் நாலு நாளு நீ எங்கூட இருப்பன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதோம். நாலு மாதம் அழாததை எல்லாம் அழுதோம். எனக்கு ஒருத்தர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை சான்றிதழ் நகல் எடுக்க தர்மபுரிக்குப் போனேன். வெயிலில் கண் கூசியது. பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு பேரைப் பார்த்ததும் தலை சுற்றி ஒரு பூக்கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலையே அண்ணன் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுததும் கிளம்பினோம். கடை வேனில் ஜாவித்தே தர்மபுரி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ் ஏறும்போது, "நல்லாப் பண்ணுங்க அண்ணி" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

நேர்காணல் அறையில் மூன்று பேர். என் ஆய்வுத் திட்டம் புளியைப் பற்றியதுதான். கிடங்குக்குப் போய்க் கொட்டை எடுத்தால் கூலி கூட, வீட்டுக்கு எடுத்துப் போனால் குறைவு, ஆனாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டையே ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கேள்வி. கணக்கு மாதிரிகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். ஒன்றுக்குத் தடுமாறினேன், ஒன்றுக்குத் தெரியாது என்றே சொன்னேன். பிறகு ஓரத்தில் இருந்த அம்மையார், வீட்டில் கூலி எவ்வளவு குறைவு என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்கு மாதம்மா பேசினது எல்லாம் வந்தது. வெறும் சத்தம் என்று நான் நினைத்தது முழுக்க வார்த்தையாக எனக்குள் இருந்திருக்கிறது. வீட்டில் தட்டுகிற ஒரு கிலோ ஒருத்தியுடைய கிலோ இல்லை மேடம் என்றேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டுகிறாள், படுக்கையில் கிடக்கும் மாமியார் படுத்தபடியே கொட்டை பிரிக்கிறார். அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. அதனால் நாம் நினைப்பதைவிடக் கூலி இன்னும் குறைவு. ஆனால் அந்த வேலையை அந்த மாமியார் கையிலிருந்து வாங்கிவிட்டால் அழுகிறார், தானும் உதவுகிறேன் என்பது அவருக்கு வேண்டியிருக்கிறது. இதை நான் முதலில் எழுதின திட்டத்தில் எழுதவில்லை, அப்போது எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு, இப்போது எப்படித் தெரியும் என்று கேட்டார். நாலு மாதம் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை, அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார் என்றேன். அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

இதோடு கிடைத்துவிட்டது என்று முடித்தால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சுலபம். அப்படி நடக்கவில்லை. டிசம்பரில் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. காத்திருப்போர் வரிசையில் இரண்டாவதாக இருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் விலகினால்தான் எனக்கு இடம். வருடம் முடிய மூன்று வாரம் இருந்தது.

பழைய பர்வீனாக இருந்தால் பாயைச் சுருட்டியிருப்பேன். இந்தத் தடவை சுருட்டவில்லை. மாமியும் நானும் ஒரே பாய் வரிசையில் நின்று தொழுதோம். அவர் எனக்காகக் கேட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கிடைத்தால் அவர் அந்த வீட்டில் தனியாகிவிடுவார், அது தெரிந்தே கேட்டார். கிடைக்காமல் போனால் என்ன செய்வாய் என்று அவர் ஒரு நாள் கேட்டதற்கு, அப்போதும் கேட்பேன் மாமி, வேறு ஏதாவது கேட்பேன் என்றேன். சொல்லும்போது அது உண்மையாகவே இருந்தது. அன்றைக்கே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

டிசம்பர் கடைசி வாரம், சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து அழைத்தார்கள். இரண்டு பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்களாம். மூன்று நாளில் வந்து சேர முடியுமா என்று கேட்டார்கள். கெடு முடிவதற்கு முன்னால் சேர்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது பெங்களூர் விடுதியில் ஒரு சின்ன அறையில் இருக்கிறேன். மாதம் இரண்டு தடவை பாப்பாரப்பட்டிக்குப் போகிறேன். ஜாவித்தின் பெரிய மகள் மாமியோடு படுத்துக்கொள்கிறாள். மாதம்மா மதியம் சாக்கோடு வந்து மாமிக்குத் துணையாக உட்கார்கிறார். என் தனிமை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சாயங்காலம் நூலகத்திலிருந்து திரும்பும்போது இதை எல்லாம் சொல்ல அவர் இல்லையே என்று இருக்கும். சில நாள் நடுவழியில் நின்றுவிடுவேன். அந்த வராந்தாவில் நான் கேட்ட துஆ ஏன் ஏற்கப்படவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறுமையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் என் கணவரின் பாவமன்னிப்புக்காகவும், தன் தனிமையைத் தெரிந்தே கேட்டு வாங்கிக்கொண்ட என் மாமிக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள். உங்களில் யாராவது ஆஸ்பத்திரி வாசலில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் திரும்பி வந்தவராக இருக்கலாம். அன்றிலிருந்து ஒன்றும் கேட்காமல் தொழுதுவிட்டு எழுந்து போகிறவராக இருக்கலாம். உங்களிடம் மட்டும் ஒன்று சொல்ல ஆசை. மறுத்தவனிடமே மறுபடி போய் நில்லுங்கள். கோபத்தோடு போனாலும் போங்கள், அவனுக்கு அது தெரியும். இன்றைக்கு அஸருக்குப் பிறகு பாயைச் சுருட்டாமல் ஐந்து நிமிடம் கையை ஏந்திக்கொண்டு உட்காருங்கள். என்ன கேட்பது என்று தெரியவில்லையா, பரவாயில்லை. அன்று எனக்கும் தெரியவில்லை.